பழி டர்போ மேல்

ஜூன் 10, செவ்வாய்

ஊட்டிக்கு வாடகை ஓட்டும் தம்பி ஒருவர் தன் டீசல் காரை விட்டுப் போயிருக்கிறார். மேட்டுப்பாளையம் தாண்டி ஏற்றம் தொடங்கினால் வண்டி இழுக்கவில்லை, பின்னால் கரும்புகை. இன்னொரு ஒர்க்‌ஷாப்பில், "டர்போ போச்சு, மாத்தணும்" என்று நாற்பதாயிரத்துக்கு மேல் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூட ஃபீஸ் கட்டும் மாதம் இது.

ஸ்கேனரைப் போட்டதும் வந்த நம்பர் பி0299. இன்ஜின் கேட்ட பூஸ்ட், அதாவது டர்போ ஏற்றித் தரும் காற்றழுத்தம், வந்து சேரவில்லை என்பதே அதன் பொருள். எதனால் என்பதை நாம்தான் தேட வேண்டும். நம்பரைப் பார்த்த கையோடு டர்போவைக் கழற்றச் சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஜூன் 11, புதன்

சாவியை மட்டும் போட்டு, ஸ்டார்ட் செய்யாமல், இன்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சாரைப் பார்த்தேன்: 96 கிலோபாஸ்கல். சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கும் கோவையில் காற்றழுத்தமே அவ்வளவுதான். சென்சார் சரி.

ஆளில்லாத ரோட்டில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்தேன். இன்ஜின் கேட்டது 210, கிடைத்தது 150. ஏசியை அணைத்துக் கண்ணாடியை இறக்கினால் டர்போ விசிலோடு 'உஸ்ஸ்' என்று ஒரு சீறல்.

திரும்பி வந்து, பூஸ்டைக் கட்டுப்படுத்தும் ஆக்சுவேட்டரில் கை வேக்யூம் பம்பை மாட்டினேன். ராடு தடையில்லாமல் நகர்ந்தது. பம்பின் முள் இறங்காமல் நின்றது. சன்ன வேக்யூம் ஹோஸ்களில் வெடிப்பில்லை. ஏர் ஃபில்டரும் சுத்தம். பிறகு டர்போ வாயில் விரல் விட்டு ஷாஃப்டை அசைத்தேன். பக்கவாட்டில் லேசாக ஆடினால் பயப்பட வேண்டாம், ஓடும்போது ஆயில் அந்த இடைவெளியை நிரப்பிவிடும். முன்னும் பின்னும் கைக்குத் தெரியும்படி ஆடக்கூடாது, பிளேடு உறையில் உரசியிருக்கக்கூடாது. ஆட்டமும் இல்லை, உரசலும் இல்லை.

ஜூன் 12, வியாழன்

காற்றுக் கசிவு டெஸ்ட். டர்போவின் உறிஞ்சு வாயை அடைத்து, ரெகுலேட்டர் வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். 0.3 பாரில் சத்தமே இல்லை. 0.8 தொட்டதும் சீறல்! டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் கீழ் ஹோஸில், கிளாம்புக்குப் பக்கத்தில், இன்ஜினைப் பார்த்த உட்புறம். மேலிருந்து பார்த்தால் புது ஹோஸ் போலவே இருக்கும். கீழே படுத்து டார்ச் அடித்தபோது எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. ரப்பரை விரலால் வளைத்தேன். மீன் வாய் போலத் திறந்தது. ஐடிலில் மூடியே இருக்கும். பூஸ்ட் ஏறினால்தான் பிளக்கும்.

உள்ளே நுழையும் காற்றை அளக்கும் சென்சார் இந்தக் கிழிசலுக்கு முன்னாலேயே இருக்கிறது. அது அளந்த காற்றில் ஒரு பங்கு வழியிலேயே வெளியேறிவிட, டீசல் மிஞ்சிப்போகிறது. கரும்புகைக்கு அதுதான் காரணம்.

சிறிய டர்போக்கள் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை சுழல்பவை. காற்று ஒழுகினால், கேட்ட அழுத்தத்தைக் கொடுக்க இன்னும் வேகமாகச் சுழன்றாக வேண்டும். ஹோஸைப் பார்க்காமல் புது டர்போ போட்டிருந்தால் அதற்கும் இதே அடிதான்.

ஜூன் 14, சனி

நேற்று புது ஹோஸ் வந்தது. கிளாம்புகளையும் மாற்றினேன், பழைய கிளாம்பை நம்பக்கூடாது. ஒட்டிய எண்ணெயைத் துடைத்து, மறுபடி 1 பார் ஏற்றி, சோப்பு நுரை பூசிப் பார்த்தேன். குமிழி வரவில்லை.

இன்று தம்பியையும் ஏற்றிக்கொண்டு குன்னூர் வரை போனோம். மேலே போகப் போகக் காற்று மெலியும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் காற்றழுத்தம் 77 கிலோபாஸ்கல் அளவுதான். அதே 210ஐ எட்ட டர்போ அங்கே கூடுதலாக உழைக்க வேண்டும். மலையில்தான் கோளாறு பளிச்சென்று தெரிந்ததும் அதனால்தான். இன்று கொண்டை ஊசி வளைவு முடிந்து மிதித்த இடத்திலெல்லாம் கேட்டதும் கிடைத்ததும் ஒட்டியே வந்தன. புகை இல்லை, எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. "வண்டி புதுசாட்டம் இழுக்குதுங்ணா" என்றார்.

டர்போவை மாற்றச் சொல்லும் மெக்கானிக்கிடம், "காற்றுக் கசிவு டெஸ்ட் பண்ணீங்களா?" என்று கேளுங்கள். பண்ணவில்லை என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.