கத்துவது நாங்கள், கையெழுத்து அவர்களுடையது

பஞ்சமி நிலம், மலக்குழி மரணம், ஆணவக் கொலை என்று எழுதுகிற இடத்தில் கால்பந்துக்கு என்ன வேலை என்று தோழர் ஒருவர் கேட்டார். வேலை இருக்கிறது. ஒன்றுக்கு உயிர் கொடுப்பவர்கள் ஒருபக்கம், அது யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர்கள் வேறொரு பக்கம் என்கிற கதை நமக்குப் புதிதா என்ன? இம்முறை அது பந்து வடிவில் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். 2010இல் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு தன்னுடைய வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு ஐஎம்ஜி-ரிலையன்ஸுக்கு எழுதிக் கொடுத்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி ரூபாய் கூட்டமைப்புக்கு. அந்த உரிமையின் மேல் கட்டப்பட்டதுதான் 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல். அதை நடத்தியது எஃப்எஸ்டிஎல் என்கிற ரிலையன்ஸ் குழும நிறுவனம். ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8ஆம் தேதியோடு முடிந்தது. அதைப் புதுப்பிப்பது பற்றித் தெளிவில்லாததால் அடுத்த சீசனை நிறுத்திவைப்பதாக அந்த ஆண்டு ஜூலையில் நிறுவனம் சொன்னது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்திவைத்தது. ஒடிசா எஃப்சி ஒப்பந்தங்களை இடைநிறுத்தியது. நம்மூர் சென்னையின் எஃப்சி செயல்பாட்டையே நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அக்டோபரில் கூட்டமைப்பு டெண்டர் விட்டது. நவம்பர் 7 வரை ஒருவர்கூட விண்ணப்பம் போடவில்லை.

வடசென்னையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் மாலைநேர மையத்துக்கு வரும் பையன்களில் பாதிப்பேர் பந்துக்காகத்தான் வருகிறார்கள். கணக்குப் பாடத்துக்கு வருகிறார்கள் என்று அறிக்கையில் எழுதுவோம், அது வேறு விஷயம். வியாசர்பாடிக்கும் பந்துக்கும் உள்ள உறவை இங்கே விளக்க வேண்டியதில்லை. தெருவில், பாலத்தடியில், கிடைக்கிற சின்ன இடத்தில் ஆடிப் பழகியவர்கள் நாட்டின் பெரிய கிளப்புகள்வரை போயிருக்கிறார்கள். நேரு ஸ்டேடியத்தில் மேட்ச் இருந்தால் டிக்கெட் விலையைப் பார்த்து, கையில் உள்ளதை எண்ணி, யாரைக் கூட்டிப்போவது யாரை விடுவது என்று பஞ்சாயத்து நடக்கும். பறையும் தவிலும் எங்களோடு வரும். தொண்ணூறு நிமிடமும் அடி நிற்காது.

ஆகஸ்டில் அந்தச் செய்தி வந்த அன்று எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்: "அக்கா, டீமை மூடிட்டாங்களாமே. மூடறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டாங்களா?"

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. கம்பெனிச் சட்டப்படி கேட்க வேண்டியவர்கள் பங்குதாரர்கள் மட்டுமே. நாற்காலியில் ஏறி நின்று தொண்டை கிழியக் கத்திய நாங்கள், அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை.

தமிழ்நாட்டு ரசிகர்களுக்கு இது முதல் அடியும் இல்லை. சென்னை சிட்டி எஃப்சியை நினைவிருக்கிறதா? ஐ-லீக்கில் ஆடிய அணி. சென்னை என்று பெயர், 2017இலிருந்து ஆடியது கோவை நேரு ஸ்டேடியத்தில். 2019 மார்ச் 9 அன்று அதே மைதானத்தில் மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று இந்தியாவின் சாம்பியன் ஆனது. அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 விழுக்காடு பங்கை வாங்கியது. தமிழ்நாட்டுக் கால்பந்துக்கு விடிந்துவிட்டது என்று எழுதாதவர்கள் இல்லை. 2020-21 சீசனுக்குப் பிறகு அந்த அணி ஐ-லீக்கில் இல்லை. சாம்பியனாகி மூன்று ஆண்டுக்குள் கிளப்பே இல்லை! கோவையில் வாரந்தோறும் வந்து நின்ற கூட்டம் எங்கே போய் நியாயம் கேட்டிருக்கும்?

ஐஎஸ்எல் கதை இன்னும் விசித்திரம். 2019இல் டெல்லி டைனமோஸ் மூட்டை கட்டிக்கொண்டு புவனேஸ்வர் போய் ஒடிசா எஃப்சி ஆனது. அதே ஆண்டு புனே சிட்டி கலைக்கப்பட்டு அந்த இடத்தில் ஹைதராபாத் எஃப்சி முளைத்தது. அந்த ஹைதராபாத் 2021-22இல் கோப்பையே வென்றது. 2025இல் அதுவும் டெல்லிக்குப் போய் ஸ்போர்ட்டிங் கிளப் டெல்லி ஆகிவிட்டது. டெல்லி ரசிகரிடமிருந்து ஓர் அணியைப் பிடுங்கினார்கள், ஆறு ஆண்டு கழித்து ஹைதராபாத் ரசிகரின் அணியைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சமூகவியல் வகுப்பில் இடப்பெயர்வு என்றால் மக்கள் இடம்பெயர்வதைப் படித்தோம். இங்கே மக்கள் அங்கேயே இருக்கிறார்கள், ஊர்தான் கிளம்பிப் போகிறது.

ஓனர்கள் நட்டத்தில்தானே நடத்துகிறார்கள் என்பார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. டிக்கெட் விற்று ஐஎஸ்எல் கிளப்பை நடத்த முடியாது. ஆனால் அந்த நட்டக் கணக்கை ரசிகர் எவரும் முழுதாகப் பார்த்ததுண்டா? வீரர்களின் சம்பளத்துக்கு எவ்வளவு, லீக்குக்குக் கட்டியது எவ்வளவு, சிறுவர் பயிற்சிக்கு எவ்வளவு? நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஒரு குளம் வெட்டினால்கூடச் சமூகத் தணிக்கை உண்டு. கிராமசபையில் எழுந்து நின்று கணக்குக் கேட்க நம் மக்களுக்கு உரிமை உண்டு. (கூட்டம் நடக்கும் முன்பே தீர்மானத்தில் கையெழுத்து வாங்கிவிடும் ஊர்களும் உண்டு என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் கேட்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது.) ஒரு நகரத்தின் பெயரை நெற்றியில் ஒட்டிக்கொள்ளும் கிளப்பிடம் அந்த நகரத்து மக்கள் கேள்வியே கேட்க முடியாது என்பது என்ன நியாயம்?

கேட்டுப் பார்த்தவர்கள் கொல்கத்தாக்காரர்கள். மோகன் பகான் 1889இல் தொடங்கிய கிளப். 1911 ஜூலை 29 அன்று கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்து ஐஎஃப்ஏ கேடயத்தை வென்றது. ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடினார்கள். அப்படிப்பட்ட கிளப்பின் கால்பந்துப் பிரிவில் 80 விழுக்காட்டை 2020இல் ஆர்பிஎஸ்ஜி குழுமம் எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே அவர்களிடம் ஏடிகே என்ற ஐஎஸ்எல் அணி இருந்தது. இரண்டையும் சேர்த்து ஏடிகே மோகன் பகான் என்று பெயர் வைத்தார்கள். பச்சை-மெரூன் சட்டை தப்பித்தது, பெயருக்கு முன்னால் மூன்றெழுத்து ஏறிக்கொண்டது.

ரசிகர்கள் விடவில்லை. 'ஏடிகேயை நீக்கு' என்று சமூக ஊடகத்திலும் தெருவிலும் மூன்று ஆண்டு நடத்தினார்கள். 2023 மார்ச்சில் கோவாவில் பெங்களூருவைப் பெனால்டியில் வென்று கோப்பையைத் தூக்கிய இரவில் முதலாளி பெயரை மாற்றுவதாக அறிவித்தார். ரசிகர்கள் அழுதார்கள். புதுப் பெயர் மோகன் பகான் சூப்பர் ஜயன்ட். அதே குழுமத்தின் லக்னோ கிரிக்கெட் அணியின் பெயரும் சூப்பர் ஜயன்ட்ஸ்தான். முன்னால் இருந்த பிராண்ட் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. இருந்தாலும் இந்திய ரசிகர்கள் போராடி முதலாளியின் முடிவைத் திருப்பியது நடந்திருக்கிறது, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டோம்.

எதிர்க்கரையில் ஈஸ்ட் பெங்கால். அங்கே 2018இலிருந்து குவெஸ், ஸ்ரீ சிமென்ட், எமாமி என்று மூன்று முதலீட்டாளர்கள். ஸ்ரீ சிமென்ட்டோடு இறுதி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கிளப் நிர்வாகம் மறுத்தது. 2021 ஜூலையில் கிளப் வாசலில் கூடிய ரசிகர்கள் மீது போலீஸ் தடியடி நடந்தது. நிர்வாகத்துக்கும் முதலாளிக்கும் சண்டை. அடி வாங்கியது ரசிகர்.

பழைய உறுப்பினர் கிளப் முறைக்கே திரும்பிவிடலாமே என்று சில நண்பர்கள் உருகுகிறார்கள். இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். உறுப்பினர் அட்டை யாருக்குக் கிடைத்தது? மோகன் பகானைத் தொடங்கியவர்கள் வடக்குக் கொல்கத்தாவின் செல்வாக்குள்ள குடும்பத்தார். கிரிக்கெட்டில் பால்வங்கர் பாலூவை எடுத்துக்கொள்ளுங்கள். சமார் சாதியில் பிறந்த, அந்தக் காலத்தின் மிகச் சிறந்த சுழற்பந்து வீச்சாளர். புனே இந்து அணிக்கு அவர் எடுத்துக் கொடுக்கும் விக்கெட் வேண்டும். தேநீர் இடைவேளையில் அவருக்கு வெளியே, தனிக் கோப்பையில். இந்துக்கள் அணிக்குத் தலைவராகும் தகுதி இருந்தும் கடைசிவரை அவருக்கு அது வரவில்லை. 1923இல் அவர் தம்பி விட்டலுக்குத்தான் வந்தது. ஆகவே 'கிளப் உறுப்பினர்களுக்குச் சொந்தம்' என்ற வாசகத்தைக் கேட்டதும் நாங்கள் கைதட்டிவிட மாட்டோம். உறுப்பினர் யார், சேர என்ன கட்டணம், பரிந்துரைக் கடிதம் யாரிடம் வாங்க வேண்டும் என்பதையும் சேர்த்தே கேட்போம். ஜெர்மனியில் கிளப்பின் வாக்குகளில் பாதிக்கு மேல் உறுப்பினர் சங்கத்திடம் இருக்க வேண்டும் என்று 1998இலிருந்து விதி உண்டு. நல்ல விதி. ஆனால் அங்கேயே ஆர்பி லைப்சிக், வாக்குரிமையுள்ள உறுப்பினர்களை விரல்விட்டு எண்ணும் அளவில் வைத்துக்கொண்டு அந்த விதிக்குள்ளேயே நுழைந்துவிட்டது.

எங்கள் பையன்களுக்கு நாங்கள் சொல்கிற கதை லண்டன் விம்பிள்டனுடையது. டென்னிஸ் இல்லை, கால்பந்து. 1889இல் தொடங்கிய சின்ன கிளப், 1988இல் லிவர்பூலை 1-0 என்று வென்று எஃப்ஏ கோப்பையைத் தூக்கியது. 1991இல் சொந்த மைதானத்தை விட்டு வாடகை மைதானத்துக்குப் போனது. 2001இல் முதலாளிகள் அணியை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸுக்குக் கொண்டுபோவதாக அறிவித்தார்கள். 2002 மே 28 அன்று மூன்று பேர் கொண்ட ஆணையம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அனுமதி கொடுத்தது. ரசிகர்கள் புதிதாகக் கிளப் தொடங்குவது கால்பந்தின் பரந்த நலனுக்கு உகந்ததல்ல என்றும் அந்த அறிக்கை அறிவுரை சொன்னது. யாருடைய நலனை யார் தீர்மானிப்பது!

ஏறத்தாழ ஒரு மாதத்தில் ரசிகர்கள் பொதுத் திடலில் ஆள் தேர்வு வைத்தார்கள். 230 பேர் வந்தார்கள். ஏஎஃப்சி விம்பிள்டன் பிறந்தது. லீக் ஏணியின் அடியில், ஊர் அணிகளோடு ஆட்டம். சராசரியாக 3000 பேர் வந்தார்கள். அதே ஆண்டில் பழைய கிளப்பின் ஆட்டங்களுக்கு அவ்வளவு கூட்டம் இல்லை. ஒன்பது சீசனில் ஐந்து முறை மேலேறி 2011இல் தொழில்முறை லீக்குக்கு வந்தது. கிளப் ரசிகர் அறக்கட்டளையின் கையில். எவ்வளவு பணம் போட்டாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பழைய மைதானத்துக்குப் பக்கத்திலேயே புது மைதானம் கட்டும்போது பணம் தட்டுப்பட்டது. வெளி முதலீட்டாளருக்குப் பங்கு விற்கும் யோசனை வந்தது. ரசிகர்கள் எதிர்த்தார்கள், கடன் பத்திரம் வாங்கி 50 லட்சம் பவுண்டுக்கு மேல் தாங்களே திரட்டினார்கள். 2020 நவம்பர் 3 அன்று அணி வீடு திரும்பியது. கொரோனா காலம், கேலரி காலி. கட்டியவர்கள் முதல் மேட்சைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள்.

இந்தக் கதையைச் சொன்னதும் பையன்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "நம்ம கிட்ட 50 லட்சம் பவுண்டுக்கு எங்கே போறது?" சரியான கேள்வி. கூலி வேலைக்குப் போகும் வீடுகளிலிருந்து அந்தப் பணம் வராது. எனவே கிளப்பை வாங்குவோம் என்று நாங்கள் கனவு காணவில்லை. வாங்காமலே கிடைக்க வேண்டிய உரிமைகள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 2025இல் வந்த கால்பந்து நிர்வாகச் சட்டத்தின்படி, கிளப்பின் சின்னத்தையோ சட்டை நிறத்தையோ மாற்ற ரசிகர்களில் பெரும்பான்மையோரின் ஆதரவு வேண்டும். மைதானத்தை மாற்ற ஒழுங்குமுறை ஆணையத்தின் அனுமதி வேண்டும். நம் நாட்டிலும் 2025 ஆகஸ்டில் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம் வந்தது. கூட்டமைப்புகளின் நிர்வாகக் குழுவில் வீரர்களுக்கு இடம் கொடுத்திருக்கிறது, வரவேற்கிறோம். கேலரியில் நிற்பவருக்கு அதில் இடமில்லை.

2025 இறுதியில் மறுபடியும் டெண்டர், பேச்சுவார்த்தை, நீதிமன்றம் என்று ஓடிக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் என்றால் யாரோ ஒருவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் காகிதம் எழுதப்படும்போதே சில வரிகள் அதில் ஏற வேண்டும். ஊரையோ பெயரையோ மாற்றும் முன்பும், கிளப்பை மூடும் முன்பும் அந்த நகரத்து ரசிகர்களின் வாக்கு. ஆண்டுக்கொருமுறை பொதுவில் வைக்கப்படும் கணக்கு. சீசனை நிறுத்தினாலும், பந்து பொறுக்கிப் போடும் பையன்வரை எல்லா ஊழியருக்கும் சம்பளப் பாதுகாப்பு. ரசிகர் மன்றம் என்றால் கட்டணம் கட்டாதவரும் பெண்களும் பேசக்கூடிய மன்றமாக இருக்க வேண்டும்.

இதைக் கடிதமாக எழுதிக் கூட்டமைப்புக்கும் விளையாட்டு அமைச்சகத்துக்கும் அனுப்புகிறோம். வரைவைப் பையன்கள் படித்தார்கள். சம்பள வரியில் பந்து பொறுக்கும் பையனைச் சேர்த்தது அவர்கள்தான். கையெழுத்துத் தாள் மையத்தில் இருக்கிறது. மாலை ஐந்திலிருந்து எட்டு வரை எந்த நாளும் வரலாம். பதினெட்டு நிரம்பாதவர்களுக்குத் தனித் தாள் வைத்திருக்கிறோம், அதில்தான் இப்போதைக்குப் பெயர் அதிகம்.