பொருத்தம்

கடல் மீன் வளர்ப்பது பற்றிய புத்தகங்களில் அநேகமாக ஒரு அட்டவணை இருக்கும். மேலே வரிசையாக மீன்களின் பெயர்கள், இடது பக்கத்திலும் அதே பெயர்கள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் பச்சை இருந்தால் சேர்த்து விடலாம். மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும். சிவப்பு என்றால் கூடாது. முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குப் பஞ்சாங்கத்தில் இருக்கும் நட்சத்திரப் பொருத்த அட்டவணைதான் ஞாபகம் வந்தது. இரண்டிலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: இது அதைத் தின்றுவிடுமா? ஜோசியர்கள் இவ்வளவு பச்சையாகக் கேட்பதில்லை.

சென்னையில் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் தொட்டி இருக்கிறது. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஏறக்குறைய 240 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் உப்பு. தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் விட முடியாது. கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் குடியேற ஐந்தாறு வாரங்கள் ஆகும். அதுவரை வெறும் தண்ணீருக்கு விளக்குப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில்தான் தேர்வு பற்றிப் படித்தேன்.

கல் என்று சொன்னேன். பவளக்கல் அல்ல. பாறை கட்டும் பவள உயிர்கள் எல்லாம் 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001இல் சேர்க்கப்பட்டுவிட்டன. வீட்டில் வைப்பது குற்றம். என் தொட்டியில் இருப்பது சுட்ட மண்ணில் செய்த கல். இதில் எனக்கு ஒரு சங்கடமும் உண்டு. மன்னார் வளைகுடாக் கரையில் எங்கள் ஊரில் தாத்தா கட்டிய வீட்டின் சுவர் முழுக்கப் பவளக்கல்தான். காரை பெயர்ந்த இடத்தில் விரலை வைத்தால் நட்சத்திரம் நட்சத்திரமாகக் குழிகள் தட்டுப்படும். வீட்டுக்கும் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் என்று அந்தக் கடலில் பல பத்தாண்டுகள் பாறை வெட்டினார்கள். 1986இல் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது கணக்கில் வந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் இப்போது தண்ணீருக்கு மேல் இல்லை. பாறை வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தச் சுவர்களுக்குள் வளர்ந்த நான் நகரத்தில் மண் கல்லை அடுக்கி அதைப் பவளப்பாறை என்று பாவித்துக்கொள்கிறேன்.

தேர்வு என்பது பெரும்பாலும் வேண்டாம் என்று சொல்வதுதான் என்று சீக்கிரமே தெரிந்தது. நீமோ படத்தில் வந்த நீல நிற மீன் ஒரு அடி வரை வளரும், நாள் முழுக்க நீந்தும். என் தொட்டி அதற்கு ஒரு திண்ணை. வண்ணத்துப்பூச்சி மீன்களில் பலவும் பவளத்தின் உயிர்த்தசையைக் கொறித்தே வாழ்கின்றன. பவளம் உள்ள தொட்டியில் விட்டால் பவளத்தைத் தின்றுவிடும்; பவளம் இல்லாத தொட்டியில் பட்டினி கிடக்கும். பிற மீன்களின் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும் வைத்தியர் மீனுக்கு, ஆரோக்கியமான நாலு மீன்கள் மட்டும் இருக்கும் வீட்டில் பிழைப்பில்லை. டாம்செல் எதையும் தாங்கும், விலையும் மலிவு. ஆனால் முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளும், பின்னால் வருவதை விரட்டியே கொல்லும். சாதுவானதை முதலில், முரடனைக் கடைசியில் என்பது விதி. கடைசியில் எஞ்சியது இரண்டு கோமாளி மீன்கள். கடலில் பிடித்தவை அல்ல, தொட்டியிலேயே பொரித்து வளர்த்தவை. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தில்கூடக் கோமாளி மீன்களை இப்படிப் பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஜோடியில் பெரியது பெண். அது செத்தால் ஆண் பெண்ணாக மாறிவிடும். எந்த அட்டவணைக்கும் அகப்படாத பொருத்தம்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்தத் தவறைச் செய்தேன். தெரியாமல் செய்ததாகச் சொல்லிக்கொள்ள வழியில்லை.

கொளத்தூரில் ஒரு கடையில் மாண்டரின் மீனைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம். நீலத்தின்மேல் ஆரஞ்சுக் கோடுகள் நெளிந்து நெளிந்து, யாரோ நிதானமாகக் கோலம் போட்டது மாதிரி. அநேக உயிர்களில் நாம் காணும் நீலம் ஒளியின் விளையாட்டு. உடம்பில் நீல நிறமி இருக்காது. இந்த மீனில் இருக்கிறது. அதன் நீலம் நிஜம். கடைக்காரர் நல்ல மனுஷர். "சார், அது போடுற தீனி எடுக்காது. கல்லுல இருக்கிற பூச்சியத்தான் பொறுக்கும். உங்க தொட்டி புதுசு, வேண்டாம்" என்றார். எனக்கும் தெரியும். கோபிபாட் என்கிற, இறாலுக்குத் தூரத்து உறவான நுண்ணுயிர்களை விடிந்ததிலிருந்து பொறுக்கிக்கொண்டே இருக்கும் மீன் அது. என்னுடையதைவிடப் பெரிதான, ஒரு வருஷமாவது முதிர்ந்த தொட்டி வேண்டும். அட்டவணையில் அதற்கு எல்லாக் கட்டமும் பச்சை. யாரையும் தின்னாது, யாரும் அதைத் தின்னமாட்டார்கள். மீனுக்கும் மீனுக்கும் உள்ள பொருத்தம் அங்கே இருந்தது. மீனுக்கும் வீட்டுக்கும் உள்ள பொருத்தத்துக்கு அதில் கட்டம் இல்லை. நான் அந்தப் பச்சையைப் பிடித்துக்கொண்டேன். வாங்கி வந்துவிட்டேன்.

அப்போது அம்மா எங்களோடு இருந்தாள். அப்பா போன பிறகு ஊரில் தனியாக இருக்க வேண்டாம் என்று நாங்கள் கூட்டி வந்திருந்தோம். அவளுக்குத் தனி அறை, மின்விசிறிக்குக் கீழே கட்டில். மூன்று வேளையும் என் மனைவி அவளுக்கு என்று பார்த்துப் பார்த்துச் சமைத்தாள். அம்மா மறுக்கவில்லை, போட்டதைச் சாப்பிட்டாள். பகலில் தொட்டி எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். களவாவும் விளமீனும் ஓராவும் பார்த்து வளர்ந்தவளுக்கு இந்த மீன்கள் விளையாட்டுச் சாமான்கள்தான். ஆனால் மாண்டரினை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

மூன்றாவது வாரம் சொன்னாள். "எய்யா, இந்தப் பய எந்நேரமும் தின்னுக்கிட்டேதான் இருக்கான். ஆனா வயிறு ஒட்டிப்போய்க் கெடக்கே."

குனிந்து பார்த்தேன். நிறம் அப்படியே இருந்தது. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேலிருந்து பார்க்கும்போதுதான் முதுகின் இருபுறமும் குழி விழுந்திருந்தது. அது கல்லைக் கொத்திக்கொண்டேயிருந்தது. ஒவ்வொரு கொத்தும் வெறும் கொத்து. தொட்டியில் இருந்த பூச்சிகளை முதல் பத்து நாளிலேயே தின்று தீர்த்திருக்க வேண்டும். உறைய வைத்த ஆர்டீமியாவை அதன் வாய்க்கு நேரே குழாயால் விட்டேன். மிதந்து போவதை அது பார்த்தது. கோமாளிகள் வந்து தின்றன. தண்ணீரைச் சோதித்தேன். அம்மோனியா இல்லை, நைட்ரைட் இல்லை, உப்பு சரி, சூடு சரி.

அதே வாரம் அம்மாவையும் டாக்டரிடம் கூட்டிப்போனோம். வந்ததிலிருந்து ஐந்து கிலோ குறைந்திருந்தாள். ரத்தத்தில் எல்லாம் சரி என்றார். வயசு என்றார்.

மீன் இன்னும் பதினேழு நாள் இருந்தது. நான்கு மணிக்கே எழுந்துவிடுகிற அம்மாதான் அதை முதலில் பார்த்தாள். நான் எழுந்து வந்தபோது விளக்குப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வலையை எடுத்து அதை வெளியே எடுத்தேன். நிறம் அப்போதும் போகவில்லை. அம்மா சற்று நேரம் பேசாமலிருந்தாள். பிறகு, "முத்துநகர்ல டிக்கெட் கெடைக்குமாய்யா?" என்று கேட்டாள்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. கூட்டி வரும்போதும் அவளைக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது தொட்டியில் அந்த இரண்டு கோமாளிகளும் மணலில் வளை தோண்டி வாழும் ஒரு சிறு கோபியும்தான். நான்கு அடித் தண்ணீரில் மூன்று மீன்கள். கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, நிறைய இடம் சும்மா கிடக்கிறதே என்றார். சும்மா கிடக்கவில்லை, அது அவற்றின் இடம் என்று சொல்ல நினைத்தேன். தத்துவம் பேசுவதாக நினைத்துக்கொள்வார் என்று விட்டுவிட்டேன். கல்லின்மேல் இப்போது பாசி படர்ந்து, இரவில் டார்ச் அடித்தால் நுண்ணிய பூச்சிகள் ஓடுவது தெரிகிறது. இன்றைக்கு மாண்டரின் ஒன்றை விட்டால் ஒருவேளை பிழைக்கலாம் என்று மனசு சில நாள் சொல்லும். கொளத்தூர்ப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவோடு போனில் பேசுவேன். தனியாகத்தான் இருக்கிறாள், அதில் எனக்குப் பயம் போகவில்லை. போன வாரம் பக்கத்து வீட்டுப் பெண் ஓரா வாங்கி வந்து கொடுத்ததாகச் சொன்னாள். குழம்பு வைத்தாளாம்.

"சாப்பிட்டியாம்மா?" என்றேன்.

"ரெண்டு வாய் கூடத்தான் போச்சு" என்றாள்.