தொட்டியில் எத்தனை மீன்?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூவன் தார் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் மகள் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் வாசலுக்கே ஓடி வரும் பேரன் அன்று வரவில்லை. மீன் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான். உள்ளே ஏழு தங்கமீன். பத்து நாள் முன்பு பன்னிரண்டு.

"இன்னிக்குக் காலையில ஒண்ணு, தாத்தா."

அதில் எனக்கும் பங்கு உண்டு. மலைக்கோட்டைப் பக்கம் ஒரு கடையில் நான்தான் வாங்கிக் கொடுத்தேன். நாலு போதும் என்றான் பையன். "நம்ம குட்டையில அறுநூறு கெடக்குது, நீ என்னடா நாலுங்கிற" என்று பெருமை பேசியது நான்.

எங்கள் பண்ணைக்குட்டை 30 சென்ட். கட்லா, ரோகு, மிர்கால் கலந்து விடுகிறோம். ஏக்கருக்கு 2000 குஞ்சு என்று வைத்தால் 600 வரும். ஒரு வருஷம் ஆசைப்பட்டு ஆயிரம் விட்டேன். மேகம் மூடி, காத்தே இல்லாத ஒரு விடியற்காலையில் போய்ப் பார்த்தால் அத்தனையும் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. ராத்திரி முழுக்க மீனும் பாசியும் சேர்ந்து தண்ணீரில் இருந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டிருந்தன. மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை உயரத்திலிருந்து கொட்டவிட்டேன். அப்படியும் ரெண்டு கூடை மீனைத் தென்னைக்கு அடியில் புதைத்தேன். இதெல்லாம் பட்டவன்தான். கண்ணாடித் தொட்டி என்றதும் மறந்துபோச்சு.

டேப் எடுத்து அளந்தோம். 2 அடி நீளம், அகலமும் உயரமும் ஓரடி. 56 லிட்டர். கூழாங்கல்லும் மேலே விட்ட இடமும் போக 45 தேறும். ஓர் அங்குல மீனுக்கு 4 லிட்டர் என்று தொட்டிக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு. அதன்படி பன்னிரண்டு சரிதானே? சரியில்லை. வாங்கும்போதுதான் அங்குலம். தங்கமீனும் கெண்டை சாதிதான், நம்ம கட்லாவுக்குப் பங்காளி. ஆறு அங்குலத்துக்குச் சாதாரணமாக வளரும். நன்றாக வைத்தால் பத்து வருஷம் இருக்கும். வளர்ந்த அளவை வைத்துப் போட்டால் பன்னிரண்டு அங்குலத்துக்கு ரெண்டு மீன்.

மகளும் தன் பங்குக்கு ஒன்று செய்திருந்தாள். தண்ணீர் கலங்குதே என்று மூணு நாளைக்கு ஒருதரம் கல், ஃபில்டர் எல்லாவற்றையும் குழாய்த் தண்ணீரில் கழுவியிருக்கிறாள். மீன் கழிவிலிருந்து வருவது அம்மோனியா, அது மீனுக்கு விஷம். அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்குவது கல்லிலும் ஃபில்டரிலும் குடியேறும் பாக்டீரியா. வயலில் யூரியா போட்டால் மண்ணில் நடக்கிற அதே வேலைதான். புதுத் தொட்டியில் அவை பெருக ஒரு மாசத்துக்கு மேல் ஆகும். குளோரின் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் மறுபடி முதலிலிருந்து.

"சுத்தமா வச்சது தப்பாப்பா?" என்றாள், கொஞ்சம் கோபமாகவே. ஒருநாள் பிடித்து வைத்த தண்ணீரில் வாரத்துக்குக் கால் பங்கு மாத்தினால் போதும்மா என்றேன்.

ஏழில் ஐந்தை என்ன செய்வது? "காவிரியில விட்டுடலாமா தாத்தா?" அது மட்டும் வேண்டாம் என்றேன். இப்படி யாரோ தொட்டியிலிருந்து விட்ட டேங்க் கிளீனர்தான் இன்றைக்கு ஏரிகளில் பெருகி வலையைக் கிழிக்கிறது. எங்கள் குட்டையிலும் ஆகாது. சிவப்பாகத் தெரிந்தால் மீன்கொத்திக்கு விருந்து. கடைக்காரரிடமே கேட்டோம். காசு கேட்காமல் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

எந்த ரெண்டு என்பதை அவனிடமே விட்டேன். நானாக இருந்தால் கொழுத்த ரெண்டைத்தான் எடுத்திருப்பேன். சாயங்காலம் வரை யோசித்துவிட்டு, பெரிசு ஒன்றையும் வால் கிழிந்து ஓரமாகவே கிடந்த ஒன்றையும் காட்டினான்.

"அதை ஏண்டா?"

"கடையில விட்டா அதை யாரும் வாங்க மாட்டாங்க தாத்தா."