பம்பரின் பின்பக்கம்

எங்கள் வீட்டுக் கொட்டகையில் 1956ஆம் வருடத்து செவர்லே பிக்கப் ஒன்று நிற்கிறது. என்னுடையது அல்ல, அத்தானுடையது. அவருடைய அப்பா சென்னையில் ஏலத்தில் எடுத்து அரிசி மூட்டை ஏற்றிய வண்டி. 2003இல் அக்காவும் அத்தானும் பிள்ளைகளோடு இருக்க பிரான்சுக்குப் போனபோது சாவியை என் கையில் கொடுத்து, "மாப்ளே, எஞ்சினை நான் பார்த்துக்கறேன். நீ பார்ஷோக்கைப் பார்த்துக்கோ" என்றார். பம்பருக்கு எங்கள் ஊர் பழைய ஆட்கள் சொல்லும் பிரெஞ்சுப் பெயர் அது. அதிர்ச்சியைத் தடுப்பது என்று பொருள். எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்பதால் எஞ்சின் பேச்சை எடுக்காமல் கௌரவமாக விட்டுவிட்டார்.

கொட்டகையிலிருந்து கடல் நடந்து போகும் தூரம். புதுச்சேரியில் ஜன்னல் கம்பி வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் காபி குடித்ததும் ஒரு பழைய வேட்டித் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். முன் பம்பரில் என் முகம் தெரியும்வரை தேய்ப்பேன். ஒன்பது வருடம் இப்படி. போகிறவர் வருகிறவர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தது. கொட்டகையின் ஓடு பாதி போனது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. நனைந்த வண்டியின் மேல் தார்ப்பாயை இழுத்து இறுக்கிக் கட்டிவிட்டு, வீட்டு வேலைகளைப் பார்க்கப் போய்விட்டேன். தார்ப்பாய் அப்படியே இரண்டு மாதம் கிடந்தது.

அடுத்த ஆகஸ்டில் அத்தான் வந்தார். நான் பம்பரைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். அவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குந்தி உட்கார்ந்து, பம்பருக்குப் பின்னால் கையை விட்டுத் தடவினார். கையை எடுத்தபோது உள்ளங்கை முழுக்கச் செம்மண் நிறம். அப்பளம் போல ஒரு துருச் செதில் உடைந்து தரையில் விழுந்தது. ஒன்றும் சொல்லாமல் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "அக்கா எங்கே?" என்று கேட்டார். திட்டியிருந்தால் எனக்குத் தேவலை.

முப்பத்து நாலு வருட உத்தியோகத்தில், கோப்பின் பின்பக்கக் குறிப்பைப் படிக்காமல் நான் ஒரு காகிதத்தையும் மேசை தாண்ட விட்டதில்லை. இங்கே கோட்டை விட்டேன்.

அதற்குப் பிறகுதான், முலாம் பட்டறை நடத்தி ஓய்ந்த ஒரு பெரியவரிடம் போய் உட்கார்ந்து கேட்டேன். குரோமியத்தை 1797இல் கண்டுபிடித்தவர் வோக்லேன் என்ற பிரெஞ்சுக்காரர் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். அதன் உப்புகள் பல வண்ணத்தில் இருப்பதால் வண்ணம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயர். பம்பரில் அது எவ்வளவு இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை. தலைமுடி ஐம்பது அறுபது மைக்ரான் தடிமன் இருக்கும் என்றால், பம்பரின் மேலே குரோமியம் ஒரு மைக்ரான்கூடக் கிடையாது. துருவைத் தடுப்பது உண்மையில் அதற்கு அடியில் இருக்கிற நிக்கல் பூச்சு. குரோமியம் அதற்கு மேல் பளபளப்புக்கும் கீறல் விழாமலிருக்கவும். அதில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் உண்டு. நிக்கலிலும் எங்காவது ஓர் ஊசித்துளை இருந்துவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே இறங்கும். நிக்கலும் உப்பு ஈரமும் சேர்ந்தால் அடியில் உள்ள இரும்புதான் கரையும். முலாம் போடும்போது மின்சாரம் மேடான இடத்துக்கு நன்றாகப் போகும், குழிவுக்கும் பின்பக்கத்துக்கும் சரியாகப் போகாது. அதனால் பின்பக்கத்தில் பூச்சு மெலிவு. சக்கரம் வாரி அடிக்கிற சேறும் அங்கேதான் ஒட்டும். பெரியவர் சிரித்துக்கொண்டே, "நீங்க ஒன்பது வருஷம் துடைச்ச பக்கம் துடைக்காட்டியும் நல்லாத்தான் இருந்திருக்கும் சார்" என்றார்.

ஒரு மெக்கானிக் பையனை வைத்து பம்பரைக் கழற்றினோம். போல்டுகள் அசையவில்லை. துருவுக்கான எண்ணெயை அடித்து, இரண்டு நாள் ஊறவிட்டுத்தான் ஸ்பேனர் போட முடிந்தது. பின்பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மருந்து தடவி, காய்ந்தபின் துத்தநாக பிரைமரும் அதற்கு மேல் பெயிண்ட்டும் இரண்டு கோட். போல்டுகளைப் புதிதாக வாங்கி, கிரீஸ் தடவி முடுக்கினோம். கம்பி பிரஷ் முன்பக்கம் பக்கமே போகக்கூடாது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரும் அப்படியே. வீட்டில் என் மனைவி, குத்துவிளக்குக்குப் போடுவதுபோல் புளி போட்டுப் பார்க்கச் சொன்னாள். பித்தளைக்குச் சரி, இங்கே அந்தப் புளிப்பு துளைக்குள் இறங்கி இரும்பைத் தின்னும். கழிவறை ஆசிட்டைச் சிலர் பம்பரில் ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். குரோமியத்தையே கரைத்துவிடும்.

முன்பக்கத்தில் சின்னப் புள்ளி துரு வந்தால், ஓட்டலில் சாப்பாடு சுற்றித் தரும் அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மெதுவாகத் தேய்த்தால் போய்விடுகிறது. அலுமினியம் குரோமியத்தைவிட மென்மை, கீறாது. போனபின் நல்ல தண்ணீரில் கழுவி, உடனே ஈரமில்லாமல் துடைத்து, கார் மெழுகு தடவுகிறேன். மழைக்காலத்துக்கு முன்பும் பின்பும் ஒரு தடவை, கடலோரம் என்பதால் நடுவில் இன்னும் இரண்டு தடவை. தார்ப்பாயை இப்போது கட்டுவதில்லை. நூல் போர்வைதான். ஈரமாக இருந்தால் அதுவும் கிடையாது. தரைக்கு சிமெண்டு போட்டாயிற்று.

ஒன்று மட்டும் திரும்பி வரவில்லை. இடது மூலையில், பிராக்கெட் சேரும் இடத்தில், இரும்பு தின்னப்பட்டு ஓர் அவரை விதை அளவுக்கு ஓட்டை விழுந்துவிட்டது. புதிதாக முலாம் போடலாம் என்றேன். "அப்பா கழுவின பம்பர், அப்படியே இருக்கட்டும் மாப்ளே" என்றார் அத்தான்.

அவருக்கு இப்போது எண்பத்து மூன்று. விமானம் ஏற மருத்துவர் விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, பேத்தியின் போனில் முகம் காட்டி அழைப்பார். நான் கொட்டகைக்குப் போய் கேமராவைப் பம்பர் பக்கம் திருப்புவேன்.

"முன்னாடி வேணாம் மாப்ளே. பின்னாடி காட்டு."

முழங்கால் வலிக்கத்தான் செய்கிறது. குந்தி உட்கார்ந்து காட்டுகிறேன்.