காற்று மெலிந்த மைதானம்... கணக்கு தப்பும் ஊர்! - டென்வர் கூர்ஸ் ஃபீல்டு கதை

டென்வர் விமான நிலையத்தில் ரயில் ஏறினால் 37 நிமிடத்தில் யூனியன் ஸ்டேஷன். அங்கிருந்து பழைய செங்கல் கிடங்குகள் வரிசைகட்டி நிற்கும் தெருக்கள் வழியே கொஞ்ச தூர நடை. 20-வது தெருவும் பிளேக் தெருவும் சந்திக்கும் மூலையில், அதே செங்கல் நிறத்தில் நிற்கிறது கூர்ஸ் ஃபீல்டு. அமெரிக்காவின் கொலராடோ ராக்கீஸ் பேஸ்பால் அணியின் சொந்த மைதானம். சுமார் 50,000 பேர் உட்காரலாம்.

உள்ளே போனதும் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். மேல் அடுக்கில், கரும்பச்சை இருக்கைகளுக்கு நடுவே 20-வது வரிசை மட்டும் ஊதா நிறம். அந்த வரிசை கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம். அதாவது, ஒரு மைல். நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் அதிகம், கொடைக்கானலைவிடக் குறைவு. புதிதாக வருபவர்களிடம் உள்ளூர்க்காரர்கள் சொல்லும் முதல் அறிவுரை, 'தண்ணீர் நிறையக் குடிங்க' என்பதுதான். காற்று அவ்வளவு வறட்சி.

இந்த மைதானத்தின் மொத்தக் கதையும் அந்தக் காற்றில்தான் இருக்கிறது. கடற்கரை ஊர்களோடு ஒப்பிட்டால் டென்வரில் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்று மெலிந்தால் பந்தைத் தடுக்க ஆளில்லை. கடலோர மைதானத்தில் 400 அடி போகும் பந்து, இங்கே இன்னும் 20 அடிபோல கூடுதலாகப் போகும். வேலிக்கு முன்னால் கேட்ச் ஆகியிருக்க வேண்டியது, வேலி தாண்டி ஹோம் ரன் ஆகிவிடும்.

இன்னொரு பக்கம், பந்தை வீசும் பிட்சர் பாவம். பந்து வளைவதற்கும் காற்றுதான் வேண்டும். சுழற்றிவிட்ட பந்து காற்றை உரசித் திரும்பும். உரசக் காற்று குறைவு என்றால், பந்து நேராக வந்து பேட்டின் வாயில் விழும். சேப்பாக்கத்தில் ஸ்பின்னருக்குக் கொண்டாட்டம் என்றால், கூர்ஸ் ஃபீல்டில் எந்த பிட்சருக்கும் திண்டாட்டம்.

மைதானத்தைக் கட்டியவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வேலியைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நடுவில் 415 அடி. ஹோம் ரன் குறையும் என்பது கணக்கு. ஆனால் மைதானம் பெரிதானதால், ஃபீல்டர்களுக்கு நடுவே பந்து விழ இடமும் பெரிதாகிப்போனது! 1995 ஏப்ரல் 26 அன்று நடந்த முதல் ஆட்டமே 14 இன்னிங்ஸ் நீண்டு, 11-9 என முடிந்தது. 1999-ல் இந்த ஒரே மைதானத்தில், ஒரே சீசனில் 303 ஹோம் ரன்கள்.

அதன் பிறகுதான் பந்துக்கு 'ஏசி ரூம்' வந்தது. வேட்டைக்குப் போட்டுப்போகும் தோல் பூட்ஸ் காய்ந்து இறுகிப்போனதைப் பார்த்த மைதான எலெக்ட்ரீஷியன் ஒருவருக்கு, தோல் பந்தும் இப்படித்தானே காயும் என்று தோன்றியதாம். 2002-லிருந்து இங்கே பந்துகளை 50 சதவீத ஈரப்பதத்தில் அறைக்குள் பூட்டி வைக்கிறார்கள். ஈரம் ஏறிய பந்து கொஞ்சம் மந்தமாகப் பறக்கும். ஹோம் ரன் குறைந்தது. ஆனாலும், ரன் மழை நிற்கவில்லை. 2022 முதல் அமெரிக்கப் பெரிய லீக்கின் 30 மைதானங்களிலும் இப்படி ஓர் அறை கட்டாயம்.

10 ஆண்டுகள் காக்கவைத்த எண்

பேஸ்பால் எண்களின் விளையாட்டு. ஒரு பேட்டர் பத்து முறை முயன்று மூன்று முறை ஹிட் அடித்தால் அவர் சராசரி 0.300. அது நல்ல எண். அதோடு விடமாட்டார்கள். உள்ளூரில் எவ்வளவு, வெளியூரில் எவ்வளவு, இடக்கை பிட்சருக்கு எதிராக எவ்வளவு, பகலில் எவ்வளவு, இரவில் எவ்வளவு என்று கூறு போட்டுவிடுவார்கள். 'ஸ்ப்ளிட்' என்று பெயர். சூழ்நிலைவாரியான கணக்கு.

அந்தக் கூறுபோட்ட கணக்கில் மாட்டிக்கொண்டவர் லாரி வாக்கர். கனடாவில் பிறந்து, ராக்கீஸுக்கு ஆடியவர். கூர்ஸ் ஃபீல்டில் அவர் சராசரி 0.381. வாழ்நாள் முழுக்க வெளியூர் மைதானங்களில் ஆடியதை மட்டும் எடுத்தால் 0.278. போதாதா? 'காற்று அடித்த ரன், அவர் அடித்ததல்ல' என்று பேச்சு கிளம்பியது. மகத்தான வீரர்களுக்கான 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் சேர 75 சதவீத ஓட்டு வேண்டும். 2014-ல் அவருக்குக் கிடைத்தது வெறும் 10.2 சதவீதம். பத்து ஆண்டுகள்தான் வாய்ப்பு. கடைசி ஆண்டான 2020-ல், தேவைக்கு மேல் ஆறே ஆறு ஓட்டுகள் கூடுதலாகப் பெற்று உள்ளே போனார்.

சந்தேகப்பட்டவர்கள் கவனிக்காத கணக்கு ஒன்று உண்டு. 1997-ல் லீக்கின் மதிப்புமிக்க வீரர் விருது வாங்கிய ஆண்டு, வாக்கர் அடித்த ஹோம் ரன்கள் 49. அதில் 29 வெளியூரில் அடித்தவை!

சரி, உள்ளூர் எண் ஊதிப்பெருத்தது என்றால், வெளியூர் எண்தானே நிஜம்? அதுவும் இல்லை என்பதுதான் இந்த ஊரின் விசேஷம். டென்வரில் ஒரு வாரம் வளையாத பந்துகளைப் பார்த்துப் பழகிய கண், அடுத்த வாரம் கடலோர ஊருக்குப் போய் இறங்குகிறது. அங்கே பந்து படார் எனத் திரும்பும். பேட் தடுமாறும். ஆக, ராக்கீஸ் வீரரின் வெளியூர் எண், அவர் திறமையைவிடக் குறைத்தே காட்டக்கூடும்.

டி.ஜே.லெமேஹியூவை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ராக்கீஸில் இருந்தவரை ஒரு சீசனில் 15 ஹோம் ரன்னுக்கு மேல் அடித்ததில்லை. 2019-ல் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போனார். மெலிந்த காற்று இல்லாத ஊர். என்ன ஆகுமோ என்ற சந்தேகம் பலருக்கும் இருந்தது. அந்த ஆண்டே சராசரி 0.327, ஹோம் ரன் 26. அடுத்த ஆண்டு, கொரோனாவால் சுருங்கிய சீசனில், 0.364 எடுத்து அமெரிக்கன் லீக்கின் சராசரிப் பட்டம். 2016-ல் நேஷனல் லீக் பட்டத்தை ராக்கீஸுக்காக ஏற்கெனவே வாங்கியிருந்தார்.

பல ஆண்டு எண்களை வைத்து, முழுநேரமும் இதே வேலையாக இருக்கும் நிபுணர்களே இப்படித் தடுமாறும் இடம் இது. அதே எண்களை செல்போனில் பத்து விநாடி பார்த்துவிட்டுப் பணம் கட்டுபவர்கள் கதை?

ஆப்பில் ஒரு எண்... பையில் ஒரு ஓட்டை

கொலராடோவில் விளையாட்டுப் பந்தயம் சட்டப்படியானது 2020 மே 1 முதல். முந்தைய ஆண்டு வாக்காளர்கள் மயிரிழையில் ஒப்புதல் கொடுத்த திட்டம். வேடிக்கை என்னவென்றால், தொடங்கிய மாதம் கொரோனாவால் பேஸ்பாலே இல்லை. ஆர்வம் தாங்காதவர்கள் எங்கோ ரஷ்யாவில் நடந்த டேபிள் டென்னிஸ் மீது பணம் கட்டினார்கள்!

பந்தய நிறுவனங்களின் வருமானத்தில் 10 சதவீத வரி. அதில் பெரும்பகுதி மாநிலத்தின் தண்ணீர்த் திட்டத்துக்குப் போகிறது. வறண்ட மாநிலம், நியாயமான செலவுதான். தோற்றவர்கள் பணத்தில் ஆறு பிழைக்கிறது என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது.

தோற்பது எப்படி? 'கூர்ஸ் ஃபீல்டில் ரன் குவியும், அதனால் ரன் அதிகம் வரும் என்று கட்டுவோம்' என்று புதிதாக வருபவர் நினைப்பார். அந்த ரகசியம் பந்தயக் கம்பெனிக்கு அவருக்கு முன்பே தெரியும். மற்ற ஊர்களில் இரு அணிகளும் சேர்ந்து 8 ரன்னைத் தாண்டுமா என்று கேட்பவர்கள், இங்கே 11-ஐத் தாண்டுமா என்று கேட்பார்கள். தெரிந்த விஷயம் விலையில் ஏற்கெனவே ஏறிவிட்டது.

அடுத்த தூண்டில், 'இந்த பிட்சருக்கு எதிராக இவர் 20 முயற்சியில் 7 ஹிட்!' சராசரி 0.350. பார்க்கப் பிரமாதம். ஆனால், சாதாரணமாக நான்கில் ஒன்று அடிக்கும் பேட்டருக்கு 20 முயற்சியில் 5 ஹிட் வரவேண்டும். வெறும் அதிர்ஷ்டத்திலேயே அது 3 ஆகவோ 7 ஆகவோ சர்வசாதாரணமாக மாறும். காசைச் சுண்டினால் ஐந்து தலை தொடர்ந்து விழுவதுபோலத்தான். ஒரு பேட்டர்-பிட்சர் ஜோடியின் பழைய கணக்கு அடுத்த ஆட்டத்தைப் பற்றிப் பெரிதாக எதையும் சொல்வதில்லை என்று, பேஸ்பால் புள்ளிவிவரக்காரர்கள் 20 ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். ஆனாலும் டி.வி. திரையில் அந்த எண் தவறாமல் வருகிறது. பேசுவதற்கு ஏதாவது வேண்டுமே.

போதாக்குறைக்குக் கமிஷன். பெரும்பாலான பந்தயங்களில் 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். நூறு முறை கட்டி, சரியாகப் பாதி ஜெயித்தால் 5,000 டாலர் வரவு, 5,500 டாலர் செலவு. பாதிக்குப் பாதி சரியாகச் சொன்ன ஆளுக்கு 500 டாலர் நஷ்டம். கை கடிக்காமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 முறை ஜெயிக்க வேண்டும்.

மைதானத்துக்குள் இருப்பவருக்காவது கணக்கு தெரியுமா? டுகுபிடா மார்கானோ என்ற இளம் வீரர் பேஸ்பால் மீது 387 பந்தயங்கள் கட்டியதற்காக, 2024 ஜூனில் வாழ்நாள் தடை வாங்கினார். கட்டிய தொகை ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல். தன் அணி மீதே கட்டியதுதான் குற்றம். அவர் அமெரிக்கப் பெரிய லீக் மீது கட்டியவற்றில் ஜெயித்தது எவ்வளவு தெரியுமா? 4.3 சதவீதம் என்றது லீக் நிர்வாகம். பேட்டர் யார், பிட்சர் யார் என்பதை டிரெஸ்ஸிங் ரூமில் உட்கார்ந்து பார்த்தவர் அவர்!

தோற்ற கோபம் வேறு எங்கோ போய் விழுகிறது. 2025 மே மாதம் ஹூஸ்டன் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸ் சரியாக வீசாத ஒருநாள், அவர் குழந்தைகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டல் வந்தது. போலீஸ் விசாரித்ததில், அனுப்பியவர் வெளிநாட்டில் போதையில் இருந்த ஒரு பந்தயக்காரர்.

இவ்வளவுக்கும் நடுவே கூர்ஸ் ஃபீல்டு அருமையான சுற்றுலா இடம் என்பதில் சந்தேகமில்லை. சொந்த அணி 2025-ல் 119 ஆட்டங்கள் தோற்றும், கூட்டம் வரத்தான் செய்கிறது. டிங்கர் என்ற ஊதா நிற டைனோசர் குழந்தைகளைச் சிரிக்கவைத்தபடி சுற்றிவரும். மைதானத்துக்குப் பள்ளம் தோண்டும்போது டைனோசர் எலும்புகள் கிடைத்ததன் ஞாபகம். நடுவில், தொலைவாக இருக்கும் 'ராக்பைல்' இருக்கைகள்தான் விலை குறைவு. சாப்பாட்டுக் கடையில் 'ராக்கி மவுண்டன் ஆய்ஸ்டர்ஸ்' என்று எழுதியிருந்தால் சிப்பி என நினைத்து வாங்கிவிட வேண்டாம். அது காளை மாட்டின் விதை வறுவல்!

சீசன் மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் வரை. ஏப்ரலில் போனால் ஸ்வெட்டர் அவசியம், பனிகூடப் பெய்யும். டிக்கெட் எடுக்கும்போது முதல் பேஸ் பக்கம் மேல் அடுக்கைக் கேட்டு வாங்கினால், மாலையில் ராக்கி மலைகளுக்குப் பின்னால் சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஆட்டமும் பார்க்கலாம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு நேரம் குறித்துவைக்க வேண்டாம், இங்கே ஆட்டம் சீக்கிரம் முடிவதில்லை.