புதுச்சத்திரத்தில் ஒரு பஞ்சாயத்து

சேலத்திலிருந்து நாமக்கல் போகிற பஸ்களில் கண்டக்டர்கள் இப்போதெல்லாம் இரண்டு பாஷையில் கூவுகிறார்கள். ஆண்டகளூர் கேட் தாண்டியதும், "புதுச்சத்திரமெல்லாம் முன்னாடி வாங்க" என்று ஒரு தடவை. பிறகு பின் சீட்டைப் பார்த்து, "புதுச்சத்திரம்... உத்ரோ, உத்ரோ" என்று இன்னொரு தடவை. மும்மொழிக் கொள்கை பற்றி அவருக்கு என்ன அபிப்பிராயம் இருக்குமோ, தெரியாது. ட்ரிப் டைம் முக்கியம். அவ்வளவுதான்.

புதுச்சத்திரம் என் அம்மா பிறந்த ஊர். ஒரு பக்கம் நைனாமலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் பெருமாளைப் பார்க்க ஆயிரக்கணக்கான படி ஏறுகிற கூட்டம். இன்னொரு பக்கம் நாலு வழிச் சாலை. நடுவில் கோழிப் பண்ணைகள். கண்ணைக் கட்டிக்கொண்டு போனாலும் ஊர் வந்துவிட்டதை மூக்கு சொல்லிவிடும்.

இந்தத் தடவை நான் போனது மாமா வீட்டு விசேஷத்துக்கு. போன இடத்தில் சிக்கிக்கொண்டது ஒரு பஞ்சாயத்தில். ஒரு கட்சி மாமா. எம்.ஜி.ஆர். காலத்திலிருந்து இரட்டை இலை. நாற்பதாயிரம் கோழி வைத்திருக்கும் லேயர் பண்ணைக்காரர். எதிர்க்கட்சி என் சித்தி மகன். கட்டட மேஸ்திரி. சில வருஷமாக நாம் தமிழர். எதிர் வீட்டு ரிட்டயர்டு வாத்தியார் உதயசூரியன். அவர் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு பேருக்கும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்.

விவகாரம் வேறென்ன? வடக்கத்தி ஆட்கள்.

"இவனுக வந்த பொறவுதான் எல்லாம் வெலையேறிப் போச்சு" என்று தம்பி ஆரம்பித்தான்.

"இவனுக இல்லீன்னா இன்னும் ஏறியிருக்கும் மாப்ளே" என்றார் மாமா.

இந்த இரண்டு வாக்கியத்தையும் நீங்கள் டீக்கடையில், டி.வி. விவாதத்தில், சட்டசபைச் செய்திகளில் எல்லாம் கேட்டிருப்பீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியுமா? நான் பி.காம். படித்தவன். பத்திரிகைக்கு வந்த பிறகு டெபிட், கிரெடிட்டெல்லாம் மறந்துபோனாலும், யாராவது விலை என்று சொன்னால் மட்டும் கை தானாகப் பேனாவைத் தேடும்.

முதலில் தம்பியின் கணக்கு. அவன் லைன் வீட்டில் நாலாயிரம் வாடகைக்கு இருந்தான். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். இப்போது அதே வீட்டில் பத்துப் பையன்கள், தலைக்கு எண்ணூறு. மொத்தம் எட்டாயிரம். கரண்டுக்குத் தனி மீட்டர் வைத்து, யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் ரேட். அரசாங்கம் தருகிற நூறு யூனிட் இலவசம் யார் பாக்கெட்டுக்குப் போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தம்பி இரண்டு கிலோ மீட்டர் தள்ளிப் போய் ஐயாயிரத்துக்கு வீடு பிடித்திருக்கிறான். அவன் பையனுக்கு ஸ்கூல் வேன் செலவு கூடியிருக்கிறது.

வேலையிலும் அதே கதை. ஒரு காண்ட்ராக்டர் ஒடிசாவிலிருந்து இருபது பேரைக் கொண்டுவந்து சைட்டிலேயே தங்க வைக்கிறார். தம்பி ஆட்களைவிட நாளுக்கு இருநூறு குறைச்சல். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் இருட்டுகிற வரை. "நமக்கு கல்யாணம் இருக்குது, எழவு இருக்குது, நோம்பி இருக்குது. ஒரு நாள் லீவு போடாம முடியுமாண்ணா? அவனுக்கு இங்க ஒறம்பரையே இல்ல. எழவே உழாது!" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆனால் போன வருஷம் அவன் பொண்டாட்டியின் தோடு அடகுக்குப் போயிருக்கிறது என்று சித்தி தனியாக என்னிடம் சொன்னார்.

இதை வெறும் வெறுப்பு என்று தள்ளிவிடுகிற நகரத்துப் புத்திசாலிகள் மேல் எனக்கு எரிச்சல் வரும். இது வாடகை. இது தோடு.

அடுத்தது மாமாவின் கணக்கு. அவர் பண்ணையில் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு ஜோடிகள். விடியுமுன் எழுந்து தீவனம் போட்டு, முட்டை பொறுக்கி, அட்டைக்கு முப்பதாக அடுக்கி, எரு அள்ளி... ராத்திரி கீரிப்பிள்ளை வந்தால்கூட அவர்கள்தான் எழுந்திருக்க வேண்டும். "நம்ம சனம் வருமா மாப்ளே? நானும் கூப்புட்டுப் பாத்துட்டேன். நூறு நாள் வேல, ரேஷன் அரிசி, டாஸ்மாக்குன்னு ஒக்காந்துக்கிச்சு" என்றார்.

இது பண்ணைக்காரர்கள் எல்லோரும் பாடுகிற பாட்டு. நிஜக் காரணம் வேறு. தேசியக் குடும்பநல சர்வே 2019-21-ன்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 குழந்தை. பீகாரில் 3. இங்கே பிறக்கிற ஒன்றிரண்டையும் நாம் காலேஜுக்கு அனுப்பிவிடுகிறோம். சேலத்திலிருந்து நாமக்கல் வரைக்கும் பஸ் ஜன்னலில் பாருங்கள், கோழிப் பண்ணைகளுக்குப் போட்டியாக இன்ஜினீயரிங் காலேஜ்கள். அதில் படித்தவன் எரு அள்ள வருவானா? மாமாவின் மகனே வரவில்லையே!

கூலி வித்தியாசத்தையும் பாருங்கள். ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 புள்ளிவிவரத்தில் கிராமத்து விவசாயக் கூலி கேரளாவில் நாளுக்கு 764 ரூபாய். மத்தியப் பிரதேசத்தில் 229. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும். கூலிக்காரன் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஓடுவான். தன்பாத்திலிருந்து ஆலப்புழா போகிற எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷனில் நிற்கும்போது அன்ரிசர்வ்டு பெட்டியை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஆனால் மாமா சொன்ன இன்னொன்றை நான் ஒப்புக்கொள்ளவில்லை. "இவங்க இருக்கறதாலதான் நீ சென்னையில அந்த வெலைக்கு முட்ட திங்கற" என்றாரே, அது. முட்டை உற்பத்திச் செலவில் ஏறக்குறைய எழுபது சதவிகிதம் தீவனம். மக்காச்சோளமும் சோயாவும் ஏறினால் முட்டை ஏறும். மிச்சம் முப்பதில் குஞ்சு, மருந்து, கரண்டு, வட்டி எல்லாம் போகக் கூலிக்கு எவ்வளவு வரும்? அந்த ஜோடிக்குச் சம்பளத்தை இரட்டிப்பாக்கினாலும் உங்கள் ஆம்லெட்டில் பெரிதாகத் தெரியாது. என்.இ.சி.சி. அறிவிக்கிற விலைக்கும் வியாபாரி கையில் தருகிற விலைக்கும் நடுவில் நாமக்கல்லில் 'மைனஸ்' என்று ஒன்று உண்டு. மாமாவின் தூக்கத்தைக் கெடுப்பது அந்த மைனஸ்தான். ஒடிசாக்காரர்கள் இல்லை. அவர்களால் மாமாவுக்குக் கிடைப்பது மலிவு மட்டும் இல்லை, ஆள். பண்ணை நடப்பதே அதனால்தான்.

அதேபோல, "நம்ம வரிப்பணத்துல திங்கறாங்க" என்று தம்பி சொன்னதும் சரியில்லை. 2017-ல் வந்த ஜி.எஸ்.டி. பொருள் எங்கே விற்கிறதோ அந்த மாநிலத்துக்குப் போகிற வரி. ஒடிசாப் பையன் புதுச்சத்திரம் கடையில் வாங்குகிற சோப்பு, பிஸ்கட், செருப்பு எல்லாவற்றிலும் மாநிலப் பங்கு நமக்குத்தான் வருகிறது. அவன் பிறந்ததற்கும் வளர்ந்ததற்கும் செலவு பண்ணியது அந்த மாநிலம். உழைக்கிற வயசில் நமக்கு ரெடிமேடாக வந்திருக்கிறான். இதைச் சொன்னபோது வாத்தியார் மட்டும் தலையாட்டினார். தம்பி, "ஜி.எஸ்.டி. என் வாடகையக் கட்டுமாண்ணா?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

கட்சிகள் இதை எப்படிப் பிடித்துக்கொண்டன என்பது தனிக் கதை. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகாரிகளை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. ஹோலிக்கு ஊர் போனவர்களின் கூட்டத்தைக் காட்டி, உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். பீகார் சட்டசபையில் ரகளை. அங்கிருந்து அதிகாரிகள் குழு சென்னை, திருப்பூர், கோவை என்று வந்து பார்த்துவிட்டுப் போனது. 2025 ஆகஸ்ட்டில் ஆறரை லட்சம் வெளிமாநிலத்தாரைத் தமிழக வாக்காளர் பட்டியலில் சேர்ப்பதாக ப. சிதம்பரம் கிளப்ப, தேர்தல் கமிஷன் மறுத்தது. அதே வருஷம் அக்டோபரில் பீகார் பிரசாரத்தில் பிரதமர் தி.மு.க.வைத் திட்ட, ஸ்டாலின் பதிலுக்குக் கண்டிக்க... எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதிலும் ஆளுக்கொரு நம்பர். 2021-ல் எடுக்க வேண்டிய ஜனத்தொகைக் கணக்கு தள்ளிப்போனதில் யாருக்கு லாபமோ இல்லையோ, மேடைப் பேச்சாளர்களுக்கு லாபம்.

ஆனால் பொய்யெல்லாம் போய், நிஜமாகவே நெருப்பு வந்தது எங்கள் ஜில்லாவுக்குத்தான். 2023 மார்ச்சில் பரமத்திவேலூர் பக்கம் ஜேடர்பாளையத்தில் ஒரு பெண் கொலை செய்யப்பட்டார். அதன் பிறகு அந்தப் பக்கத்து வெல்ல ஆலைக் கொட்டகைகளில் மாற்றி மாற்றித் தீவைப்பு. மே மாதம் ஒரு ராத்திரி, ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வெளிமாநிலக் கூலிகள் மேல் தீ வைத்தார்கள். நாலு பேர் கருகி, அதில் ஒருவர் இறந்தார். கொலைக்கும் அந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம்? அவர் அங்கே தூங்கினார். அதுதான் சம்பந்தம்.

அந்த வாரம் மாமா பண்ணையிலிருந்த ஜோடிகள் மூட்டை கட்டிவிட்டன. மாமா போக விடவில்லை. பாசம் பாதி, கோழி பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாள் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய் ஷெட் வாசலில் போட்டு, டார்ச் லைட்டோடு படுத்திருக்கிறார். கூடப் படுத்தது யார் தெரியுமா? வடக்கன் ஒழிக என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிற தம்பி. "அது வேற, இது வேறண்ணா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். நானும் நோண்டவில்லை.

சரி, என்னதான் செய்வது? 75 சதவிகித வேலை உள்ளூர்க்காரர்களுக்கே என்று சட்டம் கொண்டுவருவோம் என 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. ஹரியானா நிஜமாகவே அப்படிச் சட்டம் போட்டுப் பார்த்தது. 2023 நவம்பரில் பஞ்சாப்–ஹரியானா ஹைகோர்ட் ரத்து செய்துவிட்டது. 2024 ஜூலையில் கர்நாடகம் ஒரு மசோதாவை எடுத்து, தொழிலதிபர்கள் சத்தம் போட்டதும் உள்ளே வைத்துக்கொண்டது. தம்பியின் கட்சி, வடகிழக்கு மாநிலங்கள் போல உள்நுழைவு அனுமதிச் சீட்டு கேட்கிறது. அதன் வேர் 1873-ல் வெள்ளைக்காரன் போட்ட ஒழுங்குமுறை. நம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு யாரும் எங்கேயும் போகலாம், தங்கலாம், தொழில் செய்யலாம் என்கிறது. அந்தப் பிரிவை நம்பித்தான் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ராஜஸ்தான் வரைக்கும் போய் போர் போடுகின்றன.

மாமா குஷியாகி, "கேட்டுக்கோ மாப்ளே!" என்றார். அவர் மகன் அமெரிக்காவில் ஹெச்-1பி விசாவில் இருக்கிறான். 2025 செப்டம்பரில் ட்ரம்ப் புது விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அறிவித்த அன்று, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று புரியாமல் ராத்திரி முழுக்க எனக்கு போன் பண்ணியவர் மாமா. நம்ம வேலையை எடுத்துக்கொள்கிறான், வீட்டு வாடகையை ஏற்றிவிட்டான் என்று அவர் மகனைப் பற்றியும் அங்கே ஒரு மேஸ்திரி சொல்லிக்கொண்டிருப்பான்.

வாத்தியார் விடவில்லை. "தம்பி, நீயே எர்ணாகுளத்துல ஆறு வருஷம் கொத்து வேல பாத்தவன்தானப்பா? அங்க நீதான வடக்கன்?"

தம்பி சட்டென்று சொன்னான்: "ஆமாங்க. ஆனா மலையாளத்தான் என்ன கூலி வாங்கறானோ அதையே குடுன்னு கேட்டு வாங்குனனுங்க."

எனக்கு அப்போது ஒரு பழைய சட்டம் ஞாபகம் வந்தது. 1979-ல் வந்த மாநிலங்களுக்கிடையே இடம்பெயரும் தொழிலாளர் சட்டம். காண்ட்ராக்டர் ஐந்து பேரைக் கூட்டி வந்தாலே பதிவு. போக்குவரத்துப் படி. எல்லாவற்றுக்கும் மேலே, அதே வேலை செய்கிற உள்ளூர் ஆளுக்கு என்ன கூலியோ அதே கூலி. கிட்டத்தட்ட நாற்பத்தாறு வருஷம் அந்தச் சட்டம் புத்தகத்தில் இருந்தது. 2025 நவம்பரில் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அதைக் கரைத்துவிட்டார்கள். இப்போது ஐந்து பேர் என்பது பத்து பேராகிவிட்டது. மாமா பண்ணையில் நாலு பேர். பழைய சட்டமும் தொடாது, புதுச் சட்டமும் தொடாது.

"மாமா, உங்க பண்ணைக்கு நம்மூர் ஜோடி ஒண்ணு வர்றேன்னா என்ன குடுப்பீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார். "அவங்க வரமாட்டாங்க கண்ணு."

"வந்தா?"

"மாசம் ஆறாயிரம் சேத்துக் கேப்பாங்க. ஞாயித்துக்கிழம லீவும் கேப்பாங்க."

"அந்த ஆறாயிரத்தத்தானுங் மாமா நாங் கேக்கறேன்" என்றான் தம்பி. "எனக்கில்ல. அவனுக்கு."

வாசலில் தீவன லாரி ஹாரன் அடித்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.