சாக்கு

எங்கள் வீட்டுப் பூனையைச் சாக்கில் போட்டுக் கட்டி, காசிமேட்டில் கொண்டுபோய் விட்டுவந்தவன் நான். அது தானாக ஓடிப்போய்விட்டது என்று அம்மாவை நம்பவைத்தவனும் நான்தான். இரண்டு வருஷமாகிறது.

செல்லி எங்களிடம் வந்தது ஒரு ஐப்பசி மழையில். பெரம்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டு மாடிப்படிக்குக் கீழே, மீட்டர் பெட்டிக்கு அடியில், உள்ளங்கை அளவில் நனைந்து கிடந்தது. அம்மாதான் பழைய புடவைத் துணியால் துடைத்து, இங்க் ஃபில்லரில் பால் கொடுத்துக் காப்பாற்றினாள். அதிலிருந்து அம்மாவின் காலடியே அதற்கு வீடு. சாயங்காலம் எவர்சில்வர் தட்டை அம்மா இரண்டு தட்டுத் தட்டினால் போதும், யார் வீட்டு மாடியில் இருந்தாலும் வந்துவிடும்.

ஆறாவது வருஷம் அதன் குணம் மாறியது. சமர்த்தாக மடியில் படுத்திருக்கும். கன்னத்தைத் தடவினால் சட்டென்று திரும்பிக் கடிக்கும். முதலில் கடிபட்டவன் நான். துடைப்பத்தால் அடித்தேன். அடுத்த வாரம் தாடையைச் சொறிந்துவிட்டபோது கையைப் பிறாண்டியது. மறுபடியும் அடித்தேன். அதற்குப் பிறகு வாசல் பெருக்க நான் துடைப்பத்தை எடுத்தால்கூட, காதுகளைத் தலையோடு ஒட்டிவைத்துக்கொண்டு சீறும். "எவ்வளவு திமிரு பாத்தியா" என்று அம்மாவிடம் சொன்னேன். பயந்த பூனைதான் காதை அப்படி மடக்கும் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயலவும் இல்லை. பூனைக்கு நன்றி கிடையாது என்று கேட்டு வளர்ந்தவன். அது கடிப்பதற்குக் காரணம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அம்மாவுக்குத் தோன்றியது. "அதுக்கு என்னமோ பண்ணுதுடா. சோத்த வாயில எடுக்குது, கீழ போடுது. டாக்டர்கிட்ட காட்டு" என்று மூன்று முறையாவது சொல்லியிருப்பாள். வேப்பேரி கால்நடை மருத்துவமனை எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போகிற தூரம்தான். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே தள்ளினேன். ஆறு வருஷத்தில் ஒரு தடுப்பூசிகூட அதற்கு நான் போட்டதில்லை.

ஏப்ரலில் அம்மாவைக் கடித்தது. வாயோரம் ஒழுகிய எச்சிலை முந்தானையால் துடைக்கப் போயிருக்கிறாள். வலது கையில் கட்டைவிரலுக்குக் கீழே இரண்டு புள்ளிகள். ரத்தம் அதிகம் வரவில்லை. அதனால் அலட்சியமாக இருந்துவிட்டேன். பூனையின் கோரைப்பல் ஊசி மாதிரி ஆழமாக இறங்கும். மேலே தோல் மூடிக்கொள்ளும். பாஸ்சுரெல்லா போன்ற கிருமிகள் உள்ளே தங்கிவிடும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். நான் மஞ்சளைக் குழைத்து வைத்தேன். அம்மாவுக்கு 72 வயது, சர்க்கரை நோய் வேறு. காலையில் பார்த்தால் மணிக்கட்டு வரை சிவந்து வீங்கியிருந்தது.

அரசு மருத்துவமனையில் காயத்துக்குள்ளேயே ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் போட்டார்கள். தோளில் நாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி. 0, 3, 7, 28 என்று நாள் குறித்துச் சீட்டுக் கொடுத்தார்கள். வீங்கிய கையில் ஊசி இறங்கியபோது அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் விடிகாலை, அம்மா எழுந்திருப்பதற்கு முன்னால், ஓர் அரிசிச் சாக்கை எடுத்துக்கொண்டேன். அடி வாங்கியதிலிருந்து செல்லி என் கைக்கு வருவதில்லை. அதனால் அம்மாவின் தட்டை எடுத்துவந்து, அம்மா தட்டுகிற மாதிரியே மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினேன். வந்தது.

ஸ்கூட்டரில் கால் வைக்கிற இடத்தில் சாக்கை வைத்துக்கொண்டு போனேன். மூலக்கொத்தளம் வரை கத்தியது. பிறகு கத்துவதை நிறுத்திவிட்டது. மீன் மார்க்கெட்டில் விட்டால் பூனை பிழைத்துக்கொள்ளும் என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் வழி முழுக்க மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். காசிமேட்டுக்குள் நுழைந்தால் ஏலச் சத்தம் இல்லை. விசைப்படகுகள் வரிசை வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். சென்னையில் மீன் வாங்கிச் சாப்பிடுகிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். ஃபைபர் படகில் வந்த கொஞ்ச மீனைக் கூறு கட்டி இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைச் சுற்றி ஏற்கெனவே பத்துப் பன்னிரண்டு பூனைகள், எலும்பும் தோலுமாக. எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்த பிறகும் வண்டியைத் திருப்பவில்லை. ஆளில்லாத ஒரு கொட்டகை ஓரமாகப் போய்ச் சாக்கின் வாயை அவிழ்த்தேன். செல்லி வெளியே வரவில்லை. சாக்கைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன்.

கோபத்தில் செய்துவிட்டேன் என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிவந்தேன். உண்மை அதுவல்ல. மூலக்கொத்தளத்தில் அந்தச் சத்தம் நின்றபோதே என் கோபம் போய்விட்டது. காசிமேட்டில் நான் செய்தது நிதானமாகச் செய்தது. 1960ஆம் வருஷத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம், பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றம் என்கிறது. அந்தக் குற்றத்தைச் செய்தவன் நான். என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ஊசிக்குப் போனபோது நர்ஸ் கேட்டார்: "பூனை எப்படிம்மா இருக்கு? பத்து நாள் பாத்துக்குங்க. அது நல்லா இருந்தா கடைசி ஊசி தேவைப்படாது." அம்மா வாயைத் திறப்பதற்குள், "ஓடிப்போச்சு சிஸ்டர்" என்றேன். செல்லி பயந்துபோய் மாடியில் எங்கேயோ பதுங்கியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்தப் பொய் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பூனை கண்ணெதிரே இருந்திருந்தால் பத்தாவது நாள் எங்கள் பயம் தீர்ந்திருக்கும். நான்கு ஊசியும் போட்டு முடிக்கிற வரை ராத்திரிகளில் அம்மா தூங்கவில்லை. தனக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பாதி. நாம் கத்தினதில்தான் அது ஓடிப்போய்விட்டதோ என்ற வருத்தம் பாதி. வலது கையில் கட்டு இருந்ததால், சாயங்காலம் இடது கையால் தட்டைத் தட்டினாள். நான் உள் அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காசிமேட்டுக்குப் போனேன். பிறகு மூன்று தடவை போனேன். கிடைக்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து, எதிர்வீட்டுப் பெண் தன் பூனைக்கு ஊசி போட வேப்பேரிக்குக் கிளம்பினபோது துணைக்குப் போனேன். அங்கே டாக்டரிடம், முன்பு எங்களிடம் ஒரு பூனை இருந்தது, கடித்துக்கொண்டே இருந்தது என்று மட்டும் சொன்னேன். அவர் கேட்டார்: தலையைச் சாய்த்து ஒரு பக்கமாக மென்றதா? எடுத்த சோற்றைக் கீழே போட்டதா? எச்சில் ஒழுகியதா? ஒவ்வொன்றுக்கும் ஆமாம் என்றேன். "பாக்காம சொல்ல முடியாது சார். ஆனா வாயத் திறந்து பாத்திருக்கணும்" என்றார். பூனைகளுக்கு ஈறோரத்தில் பல் அரித்துக் கரைந்துபோகிற நோய் ஒன்று உண்டு, அந்தப் பக்கம் தொட்டாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும், மயக்க மருந்து கொடுத்துப் பல்லை எடுத்துவிடுவோம் என்றார். வலிக்கிறது என்பதைப் பூனை காட்டிக்கொள்ளாது, வலியோடேயே சாப்பிட்டுக்கொண்டிருக்கும் என்றும் சொன்னார்.

மூன்று தடவையும் நாங்கள் தொட்டது அதன் முகத்தை.

உங்கள் வீட்டுப் பூனை திடீரென்று கடிக்க ஆரம்பித்தால், தயவுசெய்து அடிக்காதீர்கள். டாக்டரிடம் கொண்டுபோய் அதன் வாயைப் பார்க்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

அம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. பத்திரிகைகளை நான்தான் வாசித்துக் காட்டுகிறேன். இதை உங்களுக்கு முன்னால் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இன்னும் சொல்லவில்லை.